பொன்னாடை போர்த்தியாச்சு, பஸ்ஸுக்கு காசு குடுத்தீங்களா?

டிஸ்கி: இதுல வர்ற காலேஜ், கம்பெனி, ஆளுங்க பேரு எதையும் சொல்ல மாட்டேன். நாளைக்கு நானும் ஊருக்குள்ள நடமாடணும் :-)

"கம்ப்யூட்டர் மீட் நடத்தணும்னா குறைஞ்சது ஒரு லட்சம் வேணும் மாப்ள. ஸ்பான்ஸர் இல்லாம சும்மா கனவு காணாத."

இதைச் சொன்னது எனக்கு ரொம்ப வேண்டிய நண்பர். லினக்ஸ்னா என்னன்னு எனக்குக் காட்டிக் குடுத்ததே அவர்தான். இப்போ பெங்களூர்ல பெரிய கம்பெனில பெரிய ஆணி புடுங்குறார். 2025 ஜூன்ல இதே வாக்கியத்தை வெச்சு எங்களுக்குள்ள ஆரம்பிச்ச சண்டையில அந்த வருஷம் நாங்க நடத்த வேண்டிய சந்திப்பே நடக்காமப் போச்சு. அவரோட இன்னும் பேச்சு வார்த்தை இல்லை. அதனால நேர்ல சொல்ல முடியாததை இங்க எழுதுறேன். உள்குத்து எதுவும் இல்லை, எல்லாமே வெளிக்குத்துதான்.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். ஊர் செட்டியார்பட்டி. ராஜபாளையத்துல இருந்து டவுன் பஸ் பிடிச்சா தளவாய்புரத்தை ஒட்டினாப்புல வரும். தளவாய்புரம்னா உங்களுக்குத் தெரியாம இருக்கலாம், ஆனா உங்க வீட்டு அலமாரிக்குத் தெரிஞ்சிருக்கும். நைட்டி தைக்கிற ஊரு. எஞ்சினியரிங் முடிச்சு, சென்னையில நாலு வருஷம் பொட்டி தட்டிட்டு, இப்போ பாதி நாள் வீட்ல இருந்தே பொட்டி தட்டுறேன்.

எங்க ஆட்டம் ஆரம்பிச்சதுக்குக் காரணம் விழுப்புரம். 2023 ஜனவரி 28, 29 ரெண்டு நாளும் அங்க அரசு பொறியியல் கல்லூரியில, அதாவது அண்ணா பல்கலைக்கழகத்தோட உறுப்புக் கல்லூரியில, மினி டெப்கான்ஃப் நடந்துச்சு. டெபியன்னு ஒரு இயங்குதளம், உலகம் பூரா தன்னார்வலர்கள் சேர்ந்து செய்யறது. அதோட சின்ன மாநாடு. சென்னை இல்லை, கோவை இல்லை, விழுப்புரம்! அங்க இருக்கிற குனு/லினக்ஸ் பயனர் குழு பல வருஷமா பசங்களுக்கு வகுப்பு எடுத்து, ஆள் சேர்த்து, கடைசில இதைத் தங்க ஊருக்கே வரவெச்சாங்க. போய்ட்டு வந்தப்புறம் எனக்குக் கால் தரையில நிக்கல. விழுப்புரத்துல முடியும்னா ராஜபாளையத்துல ஏன் முடியாது? சுத்துப்பட்டுல ராஜபாளையம், கிருஷ்ணன்கோவில், சிவகாசி, விருதுநகர்னு எஞ்சினியரிங் காலேஜுக்கா பஞ்சம்?

இந்த உற்சாகத்துல நாங்க அஞ்சு பேர் செஞ்ச முதல் தப்பு, அதை ஒரு "ஃபங்ஷனா" நடத்தினதுதான்.

2023 ஆகஸ்ட். ஒரு காலேஜ்ல இடம் கேட்டோம். ஹால் இலவசம்னு சொன்னாங்க. சந்தோஷமா தலையாட்டினோம். அதுக்கப்புறம்தான் கண்டிஷன் ஒண்ணொண்ணா வந்துச்சு. பேனர்ல "தேசிய அளவிலான கருத்தரங்கு"ன்னு போடணுமாம். சிறப்பு விருந்தினர் ஒருத்தர் வேணுமாம், அவருக்கு மதுரையில இருந்து காராம். மேடையில ஏழு நாற்காலி, ஏழு பேருக்கும் பொன்னாடை, மொமெண்டோ. வர்ற பசங்களுக்கு ஃபைல், நோட் பேட், பேனா, சர்ட்டிபிகேட். சர்ட்டிபிகேட் இல்லைன்னா ஒருத்தனும் வர மாட்டான் தம்பின்னு சொன்னாங்க. அது மட்டும் உண்மை. பதிவு பண்ண ஃபோன் போட்ட பத்துப் பேர்ல எட்டுப் பேர் கேட்ட முதல் கேள்வி "அண்ணா, சர்ட்டிபிகேட் உண்டா?" என்ன சொல்லித் தரப் போறீங்கன்னு கேட்டவங்க ரெண்டு பேர்.

கணக்கு நோட்டு இன்னும் எங்கிட்ட இருக்கு. ஃப்ளெக்ஸ் பேனர் நாலுக்கு 6,400. பொன்னாடை, மொமெண்டோ 5,800. காரும் ரூமும் 9,500. முக்கியஸ்தர்களுக்குத் தனிச் சாப்பாடு 4,200. ஃபைல், பேனா, சர்ட்டிபிகேட் 7,700. வந்த பசங்களுக்கு சாப்பாடு 7,400. ஆக மொத்தம் 41,000 ரூபாய். இதுல கம்ப்யூட்டருக்குன்னு செலவழிச்சது எவ்வளவுன்னு தேடிப் பாருங்க. முட்டை! "இலவச ஹால்" எங்களுக்கு வெச்ச ஆப்பு அதுதான்.

சரி, நடந்தது என்ன? வகுப்பை நிப்பாட்டி 110 பேரைக் கொண்டு வந்து உக்கார வெச்சாங்க. பத்து மணிக்கு ஆரம்பிக்க வேண்டியது குத்துவிளக்குக்கு ஆள் வராம பதினொண்ணே கால் ஆச்சு. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை... முதல் லேப்டாப்பைத் திறக்கும்போது மணி பன்னிரண்டே முக்கால். சாப்பாட்டுக்கு அப்புறம் எண்ணிப் பார்த்தா முப்பது தலை. நன்றியுரை முடிய ஆறரை. சேத்தூர்ப் பக்கம் இருந்து வந்த நாலு பொண்ணுங்க மூணு மணிக்கே கிளம்பிட்டாங்க. அதுல ஒரு பொண்ணு தன்னோட பழைய லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்திருந்துச்சு, லினக்ஸ் போட்டுக் குடுங்கன்னு. "சாயங்காலம் பண்ணிடலாம்மா"ன்னு நான்தான் சொன்னேன். சாயங்காலம் அந்தப் பொண்ணு பஸ்ல இருந்துச்சு, நான் மேடை ஓரத்துல மொமெண்டோ எடுத்துக் குடுத்துட்டு நின்னேன். இன்னைக்கும் அதை நினைச்சா எனக்கு என் மேலதான் கோவம் வருது.

இதுல இருந்து எங்க பெங்களூர் நண்பர் எடுத்துக்கிட்ட பாடம், "பட்ஜெட் பத்தலை." நான் எடுத்துக்கிட்டது வேற. பட்ஜெட் தாராளமா இருந்துச்சு, அது போக வேண்டிய இடத்துக்குப் போகலை. பணம் குறைவா இருக்கிறது நம்ம பிரச்சினை இல்லைங்க. மேடையில நிக்கிறவனுக்கு நாலு ரூபா, பஸ் ஏறி வர்றவனுக்கு காலணான்னு பிரிக்கிறோமே, அதுதான் பிரச்சினை.

2024 செப்டம்பர்ல ரெண்டாவது தடவை. ஹாலுக்கு எங்கே போறது? கல்யாண மண்டபத்துல 35,000 கேட்டாங்க, கரண்ட் மீட்டர் தனி. அப்போதான் எங்க கோஷ்டியில செல்போன் சர்வீஸ் கடையில வேலை பார்க்கிற தம்பி ஒரு வார்த்தை சொன்னான். "அண்ணே, ஞாயித்துக்கிழமை நைட்டி யூனிட் பூரா பூட்டித்தானே கிடக்கு?"

மக்களே, ஒரு தையல் யூனிட்டை உள்ள போய்ப் பார்த்திருக்கீங்களா? வரிசை வரிசையா மேஜை. ஒவ்வொரு மேஜைக்கும் மோட்டார் மாட்ட ஒரு ப்ளக் பாயிண்ட். தலைக்கு மேல ட்யூப் லைட், ஃபேன். உக்கார ஸ்டூல். மெஷின் தலைக்கு இடது பக்கம் துணி விரிக்கிற இடம் லேப்டாப்புக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கும். எந்த ஏ.சி. ஆடிட்டோரியத்துல ஆளுக்கொரு ப்ளக் பாயிண்ட் இருக்கு சொல்லுங்க? லேப்டாப் சார்ஜர் ஒண்ணு 65 வாட்னு வெச்சா, நாப்பது லேப்டாப்புக்கு 2,600 வாட். மோட்டார் பூரா ஒரே நேரத்துல ஓடுற வயரிங்குக்கு இதெல்லாம் கொசுறு. ஓனர் அண்ணாச்சிகிட்ட தயங்கித் தயங்கிக் கேட்டோம். "மெஷினை மட்டும் நகட்டாதீங்க தம்பி, அளவு போயிரும்"னு சொல்லிட்டு சாவியைக் குடுத்துட்டார். வாடகை வேண்டாம்னுட்டார். கரண்டுக்கு 400 நாங்களா குடுத்தோம். கூட்டிப் பெருக்கித் திறந்து வெச்ச அக்காவுக்கு 500.

பஞ்சுத் தூசி லேப்டாப் ஃபேன்ல ஏறும், அது ஒண்ணுதான் குறை. போனா ஊதிக்கலாம் :-)

அடுத்தது நெட். இதைப் பத்திக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா சின்ன ஊர்ல மீட் நடத்துறவங்க வழுக்கி விழுற இடமே இதுதான். நாப்பது பேர் ஒரே நேரத்துல இன்ஸ்டால் பண்ணா, நாப்பது பேரும் அதே ஃபைலை நெட்ல இருந்து இழுப்பாங்க. நாலு ஃபோன் ஹாட்ஸ்பாட் வெச்சா எந்த ஃபோன் முதல்ல சாகும்னு பந்தயம் கட்டலாம். வீட்டு ரௌட்டரும் இருபது ஆளுக்கு மேல மூச்சு வாங்கும். இதுக்கு லீஸ்டு லைன் வேணும்னு பெங்களூர்க்காரர் சொல்வார். வேண்டாம். என்னோட பழைய லேப்டாப் ஒண்ணுல ஆப்ட் கேச்சர் என்ஜினு ஒரு மென்பொருள் போட்டோம். முதல் ஆள் ஒரு பொதியை இறக்கும்போது அது தன்கிட்ட ஒரு பிரதி எடுத்து வெச்சுக்கும். அடுத்த முப்பத்தொன்பது பேருக்கும் அங்க இருந்தே போயிடும், வெளி நெட்டைத் தொடாது. முந்தின நாள் ராத்திரியே வீட்ல உக்காந்து தேவையானதை எல்லாம் ஒரு தடவை இழுத்து வெச்சாச்சு. டெபியன் டிவிடி இமேஜை பத்துப் பென்டிரைவ்ல ஏத்தினோம், அது ஓசி, ஆளாளுக்கு வீட்ல கிடந்தது. ரெண்டு ஸ்விட்சும் கேபிளும் வாங்கினது 1,850. ஒரே ஒரு ஜியோ சிம்மை வெச்சு நாள் பூரா ஓட்டினோம்னா நம்புவீங்களா?

ஒரு சொதப்பலும் உண்டு. முதல்ல சனிக்கிழமைதான் வெச்சிருந்தோம். அன்னைக்கு மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடைன்னு பேப்பர்ல போட்டிருந்ததை மூணு நாள் முன்னாடிதான் பார்த்தோம். பேப்பர் படிக்காதது எங்க தப்பு. எல்லாருக்கும் ஃபோன் போட்டு மறுவாரம் ஞாயித்துக்கிழமைக்கு மாத்தினதுல எட்டுப் பேர் கழண்டுக்கிட்டாங்க.

சென்னையில இருந்து பேச வந்த ரெண்டு பேரும் பொதிகையில ஸ்லீப்பர்ல வந்தாங்க, போக வர 1,600. எங்க வீட்டு மாடியில குளிச்சுட்டு, அம்மா சுட்ட தோசையைத் தின்னுட்டு, டவுன் பஸ்ல வந்து இறங்கினாங்க. பொன்னாடை கிடையாது. அவங்களும் கேக்கலை. சாப்பாடு 48 பேருக்கு 3,840. ரெண்டு வேளை டீ, வடை 1,440.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். தென்காசி, சங்கரன்கோவில், சிவகாசி, மதுரையில இருந்து வந்த பதினேழு பேருக்கு பஸ் காசைக் கையில குடுத்தோம். 2,650 ரூபாய். டிக்கெட்டைக் காட்டு, காசை வாங்கிக்கோ, அவ்வளவுதான். பொண்ணுங்க பாதிப் பேருக்கு நாங்க குடுக்க வேண்டியதே இல்லை, 2021 மே மாசத்துல இருந்து சாதா டவுன் பஸ்ல பெண்களுக்கு இலவசம். அவங்களுக்கு வேண்டியது காசு இல்லை, நேரம். அதனால நாலு மணிக்கு டான்னு முடிச்சோம். நன்றியுரை வேண்டாம்னு முன்னாடியே முடிவு. பஸ் டைமைப் பார்த்துட்டுத்தான் நிகழ்ச்சி நிரலே போட்டோம்.

மொத்தச் செலவு 12,280. டீ மேஜையில ஒரு பிஸ்கட் டப்பா வெச்சோம், இஷ்டப்பட்டவங்க போடலாம்னு. 3,150 விழுந்துச்சு. மிச்சம் 9,130. வந்தது 43 பேர். சாயங்காலம் எண்ணினப்போ 41. அதுல 29 பேர் லேப்டாப்ல லினக்ஸ் ஏறியிருந்துச்சு. சேத்தூர்ப் பொண்ணு வரலை. ஃபோன் நம்பரும் இல்லை.

முன்னாடி 41,000, இப்போ 12,280. எது உருப்படியா நடந்துச்சுன்னு ஒரு குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். ஆனா பெங்களூர் நண்பர் சொன்னது என்ன தெரியுமா? "நாப்பது பேர்தானடா? இதை எப்படி ஸ்கேல் பண்றது?"

அண்ணே, இதை எதுக்கு ஸ்கேல் பண்ணணும்? 1975 மார்ச் 5ஆம் தேதி கலிஃபோர்னியாவுல மென்லோ பார்க்னு ஒரு ஊர்ல, ஒருத்தரோட கார் ஷெட்ல முப்பது சொச்சம் பேர் கூடினாங்க. ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப். வோஸ்னியாக் அந்த முதல் கூட்டத்துக்குப் போனவர். அதுக்கப்புறம் அவர் செஞ்ச ஆப்பிள் 1ஐ எடுத்துட்டு வந்து காட்டினதும் அந்த கிளப்லதான். நைட்டி யூனிட்டுக்குள்ள ஒரு வோஸ்னியாக் இருந்தான்னு சொல்ல வரலை, அவ்வளவு கொழுப்பு எனக்கு இல்லை. முப்பது பேர்ங்கிறது கேவலமான எண்ணிக்கை இல்லைன்னு மட்டும் சொல்றேன்.

2005 ஆகஸ்ட்ல பாலோ ஆல்டோவுல நடந்த முதல் பார்கேம்ப்பும் ஒரு வாரத்துக்குள்ள ஏற்பாடு பண்ணதுதான். அழைப்பு இருந்தாத்தான் உள்ள விடுவோம்னு ஒரு பெரிய இடத்துச் சந்திப்பு இருந்துச்சு, அதுக்குப் போட்டியா "யார் வேணா வாங்க, வந்தா எதையாவது பண்ணுங்க"ன்னு வெச்சாங்க. அந்தக் காத்து அடுத்த வருஷமே சென்னைக்கும் அடிச்சுது. 2006 செப்டம்பர்ல டைடல் பார்க்ல பிளாக்கேம்ப், 2007 ஆகஸ்ட் 5ல சென்னைப் பல்கலைக்கழக மெரினா வளாகத்துல தமிழ் வலைப்பதிவர் பட்டறை. அப்போ நான் நண்டு சிண்டு, டிராயர் போட்டுட்டு சுத்தின வயசு. அந்தப் பட்டறையைப் பத்திப் பின்னாடி தேடித் தேடிப் படிச்சுத்தான் இந்த ஆசையே எனக்கு வந்துச்சு.

"அப்போ ஸ்பான்ஸரே கூடாதுங்கறியா?"ன்னு கேப்பீங்க. நான் அவ்வளவு பெரிய காந்தி இல்லை. ப்ரஸ்ஸல்ஸ்ல வருஷா வருஷம் நடக்கிற ஃபாஸ்டெம்முக்கும் ஸ்பான்ஸர் உண்டு. ஆயிரக்கணக்குல ஆள் வர்றாங்க, டிக்கெட் கிடையாது, பேர் பதியவே வேண்டாம், நேரா உள்ள போய் உக்காரலாம். 2023 செப்டம்பர்ல கொச்சியில நடந்த டெப்கான்ஃபுக்கும் ஸ்பான்ஸர்கள் இருந்தாங்க. ஆனா டெப்கான்ஃப்ல அந்தப் பணத்துல ஒரு பங்கு எங்க போகுதுன்னு பாருங்க. வர வசதி இல்லாதவங்களுக்குப் பயணச் செலவு, சாப்பாடு, தங்குமிடம்னு உதவித்தொகையாப் போகுது. அமெரிக்காவுல பைகான்னு ஒண்ணு. பேச வர்றவனும் நுழைவுக் கட்டணம் கட்டணும், நடத்துறவனும் கட்டணும்னே ரொம்ப வருஷமா ஒரு வழக்கம் வெச்சிருந்தாங்க. முடியாதவங்களுக்கு நிதியுதவி தனியா உண்டு. நம்ம ஊர்ல பேச வர்றவருக்குக் கட்டணம்னு சொல்லிப் பாருங்க, பொன்னாடையைச் சுருட்டி மூஞ்சில எறிவார்.

2025ல எங்களுக்கு வந்த ஸ்பான்ஸர் அந்த ரகம் இல்லை. ஒரு லட்சம் தர்றோம்னாங்க. பதிலுக்கு மூணே மூணு. மேடைக்குப் பின்னாடி அவங்க பேனர். நடுவுல முக்கால் மணி நேரம் அவங்க கோர்ஸைப் பத்திப் பேசுவாங்க. மூணாவதுதான் மேட்டரு: வர்ற எல்லாரோட பேரு, ஃபோன் நம்பர், எந்த வருஷம் படிக்கிறாங்கங்கிற லிஸ்ட்.

இந்த லிஸ்ட் எதுக்குன்னு எனக்குத் தெரியும், ஏன்னா என் நம்பரும் ஒரு காலத்துல அப்படி ஒரு லிஸ்ட்ல இருந்துச்சு. பைனல் இயர்ல தினம் நாலு ஃபோன். கோர்ஸ்ல சேரு, லோன் போட்டுத் தர்றோம், வேலை உறுதி. என் ரூம்மேட் சேர்ந்தான். லோன் மட்டும்தான் உறுதியா வந்துச்சு. கட்டி முடிக்க ரெண்டு வருஷம் ஆச்சு அவனுக்கு. சாஃப்ட்வேர்னா சுதந்திரம்னு மேடையில பேசிட்டு, பின்பக்கம் பசங்க நம்பரை ஆளுக்கு இவ்வளவுன்னு வித்தா அதுக்கு என்ன பேரு?

அஞ்சு பேர்ல மூணு பேர் வாங்கலாம்னாங்க. நானும் சர்வீஸ் கடைத் தம்பியும் வேண்டாம்னோம். "அப்போ ஒரு லட்சத்தை நீ குடு"ன்னு நண்பர் கேட்டார். வாய் தகராறு முத்தி, நடத்தவே வேண்டாம்னு முடிஞ்சுது.

அவர் பக்கத்துல ஒரு நியாயம் இருக்கு, அதை மறைச்சா நான் யோக்கியன் இல்லை. 2024ல மிச்சம் விழுந்த 9,130ஐ அஞ்சாப் பிரிச்சா ஆளுக்கு 1,826. எனக்கு அது ஒரு வாரக்கடைசி செலவு. சர்வீஸ் கடைத் தம்பிக்கு மாசச் சம்பளமே 9,000. அவன் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் குடுத்தான். வாங்கியிருக்கக் கூடாது, வாங்கினோம். ஐ.டி. சம்பளக்காரன் பாக்கெட்ல இருந்து ஓடுற வரைக்கும் இது அவன் பொழுதுபோக்காத்தான் இருக்கும்னு நண்பர் சொன்னது முள்ளு மாதிரி குத்துது. ஆனா அதுக்கு மருந்து ஒரு லட்ச ரூபா ஸ்பான்ஸர் இல்லை. செலவை இன்னும் குறைக்கிறதும், குடுக்க முடிஞ்சவன் கூடக் குடுக்கிறதும்தான். இந்தத் தடவை தம்பி பங்கு சைபர்னு சொல்லிட்டேன். அவன்தான் பத்து லேப்டாப்பைக் கழட்டித் தூசி தட்டப் போறானே, அது போதும்.

இந்தத் தடவையா? ஆமா, நடத்துறோம். ரெண்டே பேர்தான். ஆர்டர் நெருக்கடி முடிஞ்சதும் ஒரு ஞாயித்துக்கிழமை சாவி தர்றேன்னு அண்ணாச்சி சொல்லிட்டார். சேத்தூர் பஸ்ல, டீக்கடையில எல்லாம் ஒரு ஏ4 நோட்டீஸ் ஒட்டப் போறோம், "பழைய லேப்டாப் இருந்தா தூக்கிட்டு வாங்க, காலையிலேயே போட்டுத் தர்றோம்"னு. பெங்களூர் அண்ணனுக்கும் ஒண்ணு அனுப்புவேன். வந்தா ஸ்டூல் உண்டு, மேடை கிடையாது.

கடைசி வரிசையில அஞ்சு ப்ளக் பாயிண்ட் வேலை செய்யலைன்னு அண்ணாச்சி சொன்னார். டெஸ்டரை எடுத்துட்டு இப்போ அங்கதான் கிளம்பிட்டிருக்கேன். வர்ட்டா?